ஜுனைதா பிடித்த முனை

“…அளக்குற மெஷினு பேட்டரி செத்துப்போச்சுண்டு நீ சொல்ற. சரி, மெஷினுதானே, சாகும். அதுக்கு நானா டேப்புப் புடிக்கணும்? விடியக்காலைல எந்திரிச்சு, நாஷ்டா ஆக்கி, மீனு ஆஞ்சு, ஒனக்கு டீயும் போட்டுக் குடுத்து, இப்ப டேப்பும் நானே! எவரோ ஒருத்தரு எங்க வீட்ட வாங்குறதுக்கு எங்க வீட்ட நானே அளந்து குடுக்கணுமாம். யா அல்லாஹ், இத எங்கயாச்சும் கேட்டிருக்கியா தங்கச்சி? …என்ன? …ஆங், வாரேன், வாரேன். இந்த முனைதானே, சைபரு போட்டது? கண்ணாடி இல்லாமலே தெரியுது, குடு.”

இப்படித்தான் அந்தச் சர்வே தொடங்கியது. புதுமடத்தில் கடலிலிருந்து மூன்றாவது தெருவில், கடல் கல்லால் கட்டிய ஒரு பழைய வீட்டின் உள்கட்டில், ஜுனைதா டேப்பின் ஒரு முனையை வாங்கிக்கொண்டாள். மறுமுனையில் இராமநாதபுரத்திலிருந்து வந்த சர்வே எடுக்கும் பெண் பானுப்பிரியா. தொப்பி, ஷூ, முதுகில் ஒரு பை. வந்ததிலிருந்து அவள் பேசிய பேச்சை ஒரு தீக்குச்சிப் பெட்டியில் அடைத்துவிடலாம். ஜுனைதா பேசியதை அடைக்க லாரி வேண்டும்.

பானுப்பிரியாவுடன் டேப் பிடிக்க ஓர் ஆள் வராமல் இல்லை. செல்லச்சாமி என்று பெயர். ஆனால் உள்கட்டில் பெண்கள் புழங்குகிற இடத்துக்கு வெளி ஆண் யாரும் வரக்கூடாது என்று ஜுனைதா வாசலிலேயே மறித்துவிட்டாள். பொம்பளை சர்வேயரை அனுப்பினால்தான் வீட்டைத் திறப்பேன் என்று அடம்பிடித்ததும் அவள்தான். ஆகவே செல்லச்சாமி தெருவில் ஆட்டோ நிழலில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் பிடிக்கவேண்டிய முனை ஜுனைதா கைக்கு வந்தது. தானாக வரவழைத்துக்கொண்டதற்குத் தானே புலம்புவதில் ஜுனைதாவுக்கு ஈடு அந்தத் தெருவில் யாரும் கிடையாது.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடலாம். இந்த வீட்டை விற்க ஜுனைதாவுக்கு இஷ்டமில்லை. துளிகூட இல்லை. ஆனால் சவூதியின் தமாமில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஸுஹைர் போனில் கேட்டபோதெல்லாம், “ஒங்க இஷ்டம் மச்சான்” என்றுதான் சொல்லியிருந்தாள். மீன்காரனிடம் கத்துவாள், கரண்ட் ஆபீஸில் கத்துவாள், பள்ளிவாசல் மைக் சரியில்லை என்று ஆள் அனுப்பிக் கத்துவாள். வீடு தன் பேரில் இருந்தும், ‘மாட்டேன்’ என்ற ஒரு சொல் மட்டும் மாப்பிள்ளையிடம் அவள் வாயிலிருந்து வராது. வராத சொல்லுக்குப் பதிலாக மற்ற எல்லாச் சொல்லும் வந்துகொண்டிருந்தன.

“மெதுவா வா தங்கச்சி, அங்கன நெலப்படி இருக்கு, தட்டிரும். எல்லாரும் தட்டி விழுற எடம் அது. எங்க மாப்புள மொதமொத இந்த வீட்டுக்கு வந்தப்ப அங்கனதான் விழுந்தாரு. ஒங்கள்ல எப்புடி? பொண்ணுதானே பொட்டியத் தூக்கிக்கிட்டு மாப்புள வீட்டுக்குப் போகும்? …ஆங். எங்கள்ல அவுகதான் பொட்டியத் தூக்கிக்கிட்டு வருவாக. வீடு பொண்ணுக்கு. எங்க வாப்பா எனக்கும் எங்க லாத்தாவுக்கும், ஒங்கள்ல அக்காம்பீகளே, இந்த வீட்ட நடுவுல செவுரு வச்சு ரெண்டாப் பிரிச்சுக் குடுத்தாக. அவரு வரும்போது ஒரே ஒரு சூட்கேசு. அதுல பாதி அத்தர் பாட்டிலு. மிச்சப் பாதி பனியன். பனியனோட வந்த மாப்புள இப்ப வீட்ட விக்கிறாரு, பாத்தியா!”

ஜுனைதா தொண்டையைக் கனைத்தாள். அடுத்த நொடி உள்கட்டுக்குள் ஸுஹைரே வந்து நின்றதுபோல், மூக்கால் இழுத்துப் பேசும் குரல் ஒன்று கிளம்பியது.

“‘ஜுனைதா… எம்புட்டு நாளைக்கி நாம இந்தப் பழைய வீட்டுல கெடக்குறது? ராம்நாட்ல பிளாட்டு. நாலாவது மாடி. லிப்ட்டு இருக்கு ஜுனைதா. ஜெனரேட்டரு இருக்கு ஜுனைதா. கீழயே சூப்பர் மார்க்கெட்டு…’ இப்புடி. நாலாவது மாடில குடியிருந்தா லிப்ட்டு வேணும். தரையில குடியிருந்தா எதுக்கு வேணும்? கேட்டேனா? கேக்கல. ‘ஒங்க இஷ்டம் மச்சான்’ண்டேன். ஏண்டு கேளு. கேக்க மாட்டியா? சரி, நானே சொல்றேன். அந்த மனுசன் இருவது வருசமா வெயில்ல கெடந்து கருகுறாரு. வருசத்துக்கு ஒரு மாசம் வாராரு. அந்த ஒரு மாசத்துலயும் இந்த வீட்டுல எதாச்சும் ஒண்ணு அவரு மேல விழுது. போன தடவ ஓடு விழுந்துச்சு. அதுக்கு முந்துன தடவ பல்லி. மனுசனுக்கு வீட்டு மேல ஒரு வெறுப்பு வரத்தான செய்யும்? …டேப்பு சிக்கிருச்சா? இரு, கட்டில நகத்துறேன்.”

கட்டில் நகர்ந்தது. பேச்சு நகரவில்லை, வாங்க வந்தவர் மேல் ஏறி உட்கார்ந்தது. வாங்க வந்தவர் சலாஹுதீன், சென்னைக்காரர். இராமேஸ்வரம் வருகிறவர்கள் பழைய வீட்டில் தங்க ஆசைப்படுகிறார்கள் என்று கடற்கரை நெடுகப் பழைய வீடு தேடிக்கொண்டிருந்தார். வீடு பிடித்துவிட்டது. ஆனால் சர்வே எடுத்து, நான்கு பக்கமும் அளந்து, பத்திரத்தோடு ஒத்துப்பார்க்காமல் முன்பணம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பானுப்பிரியாவை அனுப்பியதும் அவர்தான்.

“அவரு வந்தாரே அன்னிக்கி! ஒன்னய அனுப்புனவருதான், கோவிச்சுக்காத. உள்ள வந்து செவுத்தத் தடவுறாரு. ‘ஓ மை காட்! கோரல்! ரியல் கோரல்!’ எங்களுக்கு அது கடல் கல்லு. அதுக்குச் சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு எங்க உம்மா கையெல்லாம் வெந்து கெடக்கும். இவரு அதுல கன்னத்த வச்சு செல்பி எடுக்குறாரு. சரி, இந்த மனுசன வெரட்டுவோம்ண்டு… இல்ல இல்ல, வெரட்டுறதுக்கில்ல. உள்ளத உள்ளபடி சொல்லணும்ல? கெணத்துத் தண்ணி உப்புண்டேன். ‘வாவ், நேச்சுரல் சால்ட் வாட்டர்!’ண்டாரு. கக்கூசு கதவுக்குத் தாப்பா இல்லண்டேன். அத ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாரு. கடைசில எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. ‘பாய், பின்னாடி ரூம்புல ஜின்னு இருக்கு, பொழுது சாஞ்சு மஹ்ரிபு தொழுகைக்கு அப்புறம் கொலுசுச் சத்தம் கேக்கும்’ண்டேன். மனுசன் கண்ணு மின்னுது தங்கச்சி! ‘ஸ்டோரி இருக்கா ஆன்ட்டி? கெஸ்ட்டுங்களுக்கு ரொம்பப் புடிக்கும். எழுதி பிரேம் போட்டுருவோம்’ங்குறாரு. ஜின்னுக்குப் பிரேம் போட்ட மொத ஆளு இவருதான். அன்னிக்கி ராத்திரி அந்த ரூம்பு பக்கம் போகப் பயந்து குர்ஆன்ல மூணு குல்லும் ஓதி ஊதிக்கிட்டுப் படுத்தது யாரு? நான். நானே கெளப்பிவிட்ட ஜின்னுக்கு!”

பானுப்பிரியா சிரித்தாளோ என்னவோ, தொப்பி ஆடியது. பிறகு கையைக் காட்டினாள்: அந்த அறைக்குள் போங்கள், கிழக்குச் சுவரில் முனையை வையுங்கள். அவள் டேப்பை அவிழ்த்துக்கொண்டே இரண்டு அறைகளைத் தாண்டி மேற்கே நடந்தாள். அங்கே நடுச்சுவர். நடுச்சுவரில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் லாத்தா சூஃபியாவின் பாதி வீடு.

ஜுனைதா கிழக்கு அறைக்குள் போனாள். சுவரை ஒட்டி அவள் உம்மாவின் மரப்பெட்டி கிடந்தது. நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும். அகலம் சரியாக இரண்டடி. குனிந்து, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, முனையைச் சுவரில் வைக்கவேண்டும். ஜுனைதா குனிந்தாள். இடுப்பு பிடித்தது. நிமிர்ந்தாள். திரும்பிப் பார்த்தாள். நடுவில் தொங்கிய திரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, பானுப்பிரியா தெரியவில்லை. பானுப்பிரியாவுக்கும் இவள் தெரியமாட்டாள்.

உப்புத் தண்ணீர் தோற்றது, தாழ்ப்பாள் தோற்றது, ஜின்னும் தோற்றது. ஜுனைதா மெல்லப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். முனையைப் பெட்டியின் முன்பலகையில் அழுத்திப் பிடித்தாள்.

“ஆங்! வச்சுட்டேன்! செவுத்தோட செவுரா ஒட்டிப் புடிச்சிருக்கேன், இழு!”

டேப் விறைத்தது. அளவு எடுத்து முடிவதற்குள் அந்தப் பெண் திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டால்? பேச்சைக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் ஒரே வழி. அதற்கு லாத்தாவைவிட நல்ல விஷயம் உலகத்தில் இல்லை.

“நீ நிக்கிறியே, ஒனக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கா? அதுக்குத் தாப்பாளே கெடயாது. அந்தப் பக்கம் எங்க லாத்தா. அவ பேரு சூஃபியா. பேரு மட்டுந்தான் சூஃபியா, பண்ணுறதெல்லாம் போலீஸு. ஒரு செருமல் கெடயாது, ஒரு ஸலாம் கெடயாது, நேரா எஞ்சட்டியத் தொறந்து கொழம்புல கரண்டியப் போட்டு உள்ளங்கையில ஊத்தி நக்குவா. ‘ஏடி ஜுனைதா, என்னடி இது, மீனு ஆணத்துல புளியே விழல, மீனு பாவம் தண்ணிக்குள்ளயே திரும்பிப் போன மாரி நெனச்சுக்கும்.’ இப்புடிச் சொல்லுவா. சொல்லிட்டு ஒரு கிண்ணம் எடுத்துக்கிட்டுப் போவா! நல்லா இல்லாத ஆணத்த எதுக்குடி எடுத்துக்கிட்டுப் போறண்டு கேட்டா, ‘ஒம் மேல எரக்கப்பட்டு’ங்குறா. முட்டிக்காலு தேஞ்சு போச்சுண்டு தெருவுல எறங்க மாட்டா. அவ மாப்புள மவுத்தானதுலேந்து தனியாத்தான் கெடக்குறா. ஆனா எஞ்சட்டிக்கு மட்டும் அந்த முட்டிக்காலு வரும், பாத்துக்க. ஒரு நாளைக்கி பத்து தடவ அந்தக் கதவு கிரீச்சுங்கும். …சத்தமாப் பேசுறேனா? கேக்கட்டும்! அவளுக்குத் தெரியாததா? அவ பாதி பெருசு, எம் பாதி சிறுசுண்டு நான் கல்யாணம் ஆன நாளுலேந்து சொல்றேன். வாப்பாவுக்கு மூத்தவ மேலதான் பாசம். ஆளுக்கு இருபத்தேழு அடிண்டு பத்திரத்துல இருக்கும். யாரு அளந்து பாத்தா?”

பானுப்பிரியா அளந்து பார்த்துவிட்டாள். திரையை விலக்கிக்கொண்டு வந்து, எண்ணைச் சொன்னாள்.

“இருபத்தஞ்சா!” ஜுனைதா பெட்டியிலிருந்து துள்ளி எழுந்தாள். சந்தோஷத்தை முகத்திலிருந்து அழிக்க முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். “ரெண்டடி கொறையுதா? அல்லாவே… என்ன அநியாயம்… அப்ப பத்திரத்தோட ஒக்கல. அப்ப அவரு வாங்க மாட்டாரு, அப்புடித்தானே? அய்யோ பாவம், சென்னையிலேந்து எம்புட்டு ஆசையா வந்தாரு. கோரலு கோரலுண்டு. சரி, குடுத்து வைக்கல, அவருக்கு நஸீபு இல்ல. நீ உக்காரு தங்கச்சி. இன்னொரு டீ போடவா? மீனு பொரிச்சு வச்சிருக்கேன், சாப்புட்டுத்தான் போகணும். …போன் பண்ணணுமா? பண்ணு, பண்ணு. தாராளமாப் பண்ணு. மெதுவாச் சொல்லு, அதிர்ச்சி ஆயிரப்போறாரு.”

சலாஹுதீன் அதிர்ச்சி ஆகவில்லை. ஸ்பீக்கரில் அவர் குரல் உற்சாகமாக வழிந்தது. இதற்குத்தானே வாங்குமுன் சர்வே எடுப்பது என்றார். நிலம் ஆவியாகிப் போகாது என்றார். ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்த இடத்தில் ஒரு பாதி இரண்டடி குறைந்தால் மறுபாதியில் இரண்டடி கூடியிருக்கும். நடுச்சுவரைத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் அந்த இரண்டடியை அளந்து சிவப்புக் கோடு போட்டுவிட்டு வாருங்கள், அதை மீட்டுக் கொடுத்தபிறகு பத்திரம் முடித்துக்கொள்ளலாம், அவசரமில்லை என்றார். பக்கத்துப் பாதியில் சுவரை ஒட்டி என்ன இருக்கிறது என்றும் கேட்டார்.

“அடுப்படி…” என்றாள் ஜுனைதா, யாரும் கேட்காமலே. பிறகு அவளுக்கே அது காதில் விழுந்தது. “லாத்தா அடுப்படி.”

பானுப்பிரியா பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்தாள்.

“இரு, இரு, இரு. எங்க போற? அதெல்லாம் வேணாம் தங்கச்சி. ரெண்டடிதானே? போயிட்டுப் போகுது. லாத்தாதானே வச்சிருக்கா, வேத்தாளா வச்சிருக்கா? பழைய வீடு, சுருங்கியிருக்கும். உப்புக் காத்துக்குச் செவுரு சுருங்கும்… சுருங்காதா? டேப்பு நீண்டுருக்கும். ரப்பருதானே இது? …ரப்பரு இல்லையா? நான் சொல்றதக் கேளு, லாத்தாட்ட மட்டும் போய் இதச் சொல்லிராத. ஒனக்கு அவளப் பத்தித் தெரியாது. மீன்காரன்கிட்ட ஒரு நெத்திலிக்கு அர மணி நேரம் சண்ட போடுவா. ஆனா அடுத்தவங்க மண்ணுண்டு ஒரு பேச்சு வந்துச்சு, அவ்வளவுதான். ‘ஒரு சாண் மண்ண எடுத்தாலும் மறுமையில கழுத்துல மாட்டித் தொங்கவிடுவான் அல்லாஹ்’ண்டு வாரத்துக்கு ரெண்டு தடவ எனக்கு பயான் பண்ணுவா. ரெண்டடிண்டு சொன்னா அவளே கடப்பாறைய எடுத்துருவா! தங்கச்சி… ஏ தங்கச்சி… நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ பாட்டுக்கு…”

கதவு கிரீச் என்றது. பானுப்பிரியா அந்தப் பக்கம் போய்விட்டாள். போகும்போது டேப்பின் முனையை மறுபடி ஜுனைதா கையில் கொடுத்து, அதே இடத்தில் பிடித்திருங்கள், இரண்டு வீட்டையும் சேர்த்துக் கடைசிச் சுவர்வரை ஒரு தடவை இழுத்துப் பார்க்கவேண்டும் என்று சைகை காட்டியிருந்தாள்.

ஜுனைதா போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். வேறென்ன செய்ய? டேப் அவள் மடியைத் தாண்டி, திரைக்கு அடியில் நுழைந்து, நடுக்கதவு வழியாக அந்தப் பக்கம் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அங்கே சூஃபியாவின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு சட்டி தரையில் வைக்கப்படும் சத்தம். இன்னொன்று. தட்டுகள். மசாலா டப்பாக்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

“அங்கன என்ன சத்தம்? தங்கச்சி, லாத்தா என்னத்த உருட்டுறா? …அடுப்படியக் காலி பண்ணுறாளா? சொல்லிட்டியா? சொல்லிட்டியா அவகிட்ட! அல்லாவே! ஏ லாத்தா, எடுக்காத, வைய்யி! தங்கச்சி, வைக்கச் சொல்லு அவள. முட்டி வலிக்காரி, குனிஞ்சு நிமுந்தா ராத்திரிக்குத் தைலம் தேய்க்கணும். தேய்க்கிறது யாரு, நானு.”

டேப் விறைத்து நின்றது. யாரோ அந்த முனையை இழுத்துப் பிடித்திருந்தார்கள். பதில் இல்லை. பானுப்பிரியாதான் பதில் சொல்கிற ஆளே இல்லையே.

“கேக்குதா தங்கச்சி? சரி, நீ பேச வேணாம். நான் சொல்றத மட்டும் கேளு. கோடு கீடு போட்டுராத. அந்த ரெண்டடி இருக்குல்ல… அது அங்கன இல்ல. அது இங்கனதான் இருக்கு. எனக்குக் கீழ. நான் ஒக்காந்திருக்கேன் அது மேல. பொட்டி தங்கச்சி, எங்க உம்மா பொட்டி. செவுத்துல வைக்கச் சொன்னியா, நான் பொட்டியில வச்சேன். இடுப்பு வலிச்சுச்சு, அதான்… இல்ல, இடுப்பெல்லாம் வலிக்கல. வலிச்சுச்சு, ஆனா அதுக்காக வைக்கல. அளவு கொறஞ்சா அந்த மனுசன் ஓடிருவாருண்டு நெனச்சேன். அவரு அடுப்படியக் கேப்பாருண்டு நான் கண்டேனா?”

சட்டிச் சத்தம் நின்று சற்று நேரமாகியிருந்தது. ஜுனைதா கவனிக்கவில்லை. கவனிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“வீட்ட வித்துட்டா அவரு மொத வேலையா இந்தக் கதவத்தான் அடைப்பாரு. அடைக்கத்தான செய்யணும்? வெளியூரு ஆம்புளைங்க தங்குற எடத்துல பொம்பள வீட்டுக்குக் கதவு இருக்குமா? கல்ல வச்சுப் பூசிருவாரு. பூசி, அதுக்கும் ஒரு பிரேம் போடுவாரு. நான் நாலாவது மாடில லிப்ட்டுல ஏறி எறங்கிக்கிட்டு இருப்பேன். இவ? தெருவுக்கு எறங்க மாட்டா. யாருட்டயும் ஒண்ணும் கேக்க மாட்டா. அன்னிக்கி நோன்பு நேரம், விடியறதுக்கு முன்ன ஸஹரு சாப்பாட்டுக்குக் கதவு கிரீச்சுங்கல. நான் எந்திரிச்சு ஓடுனேன். பாத்தா காய்ச்சல்ல அனத்திக்கிட்டுக் கெடக்குறா. கதவு இல்லாட்டி யாருக்குத் தெரியும்? நாலாவது மாடிக்குக் கேக்குமா? இத நான் யாருட்ட சொல்றது? மச்சான்ட்ட சொன்னா, ‘ஒங்க லாத்தாவுக்காக நான் கடைசி வரைக்கும் ஓட்டுக்கு அடியில கெடக்கணுமா’ண்டு கேப்பாரு. நாயம்தானே? லாத்தாட்ட சொன்னா, ‘எனக்காக நீ ஒண்ணும் இருக்க வேணாம்டி, போ’ண்டு மூஞ்சியத் திருப்பிக்குவா. அதுவும் எனக்குத் தெரியும். அதான் ஒன்ட்ட சொல்றேன். நீ அளந்துட்டுப் போயிருவ. …ஏன் தங்கச்சி, இப்பவாச்சும் ஒரு வார்த்த பேசேன்!”

“அக்கா” என்று ஒரு குரல் கேட்டது.

பக்கவாட்டில், தெருவாசல் வழியில் பானுப்பிரியா நின்றாள். சூஃபியா வீட்டு முன்வாசல் வழியே தெருவில் இறங்கி, செல்லச்சாமியிடம் புது பேட்டரி வாங்கிவரச் சொல்லிவிட்டு, இந்த வாசல் வழியாக உள்ளே வந்திருந்தாள்.

ஜுனைதா அவளைப் பார்த்தாள். மடியில் கிடந்த டேப்பைப் பார்த்தாள். அது இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது.

“நீ இங்கன இருக்க… அப்ப அந்த முனையில?”

டேப் இரண்டு தடவை வெடுக் வெடுக்கென்று இழுபட்டது. நடுக்கதவுக்கு அப்பாலிருந்து சூஃபியாவின் குரல் வந்தது. காலையிலிருந்து ஜுனைதா போட்டுக்காட்டிய போலிக் குரல் இல்லை, அசல்.

“ஏடி. பொட்டிக்குப் பின்னாடி கைய விட்டு வைய்யி. நான் புடிச்சிருக்கேன்.”

ஜுனைதா பெட்டியிலிருந்து இறங்கினாள். மண்டிபோட்டு, கையை இடுக்கில் நுழைத்து, முனையைச் சுவரில் வைத்தாள். கடல் கல் குளிர்ச்சியாக இருந்தது. பானுப்பிரியா நடுச்சுவரில் நின்று எண்ணைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் போய்க் கடைசிச் சுவர்வரை பார்த்தாள். இங்கே இருபத்தேழு. அங்கே இருபத்தேழு. வாப்பா யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. பத்திரமும் வீடும் அச்சாக ஒத்துப்போயின. சலாஹுதீன் நாளைக்கே வந்து முன்பணம் தரலாம். இனி ஒரு தடையும் இல்லை.

சூஃபியா முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நடுக்கதவின் நிலைப்படியில் உட்கார்ந்தாள். கையில் ஒரு கரண்டி. எதையோ எடுத்துவைக்கும்போது அப்படியே வந்துவிட்டது.

“எனக்குப் போலீஸுண்டு பேரு வச்சிருக்க. இருக்கட்டும், அத அப்புறம் பேசிக்கிறேன். இம்புட்டு வாயி வச்சிருக்கியே ஜுனைதா, ஊரு ஒலகத்துல எல்லார் கொரலும் ஒனக்கு வருது. ஒங் கொரல்ல ஒரு வார்த்த மச்சான்ட்ட சொல்ல வராதா ஒனக்கு? எனக்காகச் சொல்லாத. எனக்காகண்டு சொன்னா இந்தக் கதவ நானே கல்ல வச்சு அடைப்பேன். ஒனக்கு வேணும்ண்டா சொல்லு.”

ஜுனைதா மண்டியிலிருந்து எழுந்தாள். பானுப்பிரியா டேப்பைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

ஜுனைதா போனை எடுத்தாள். ஸுஹைர் டூட்டியில் இருப்பார், எடுக்கமாட்டார். வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திப் பிடித்தாள்.

“மச்சான்… வீட்ட நான் விக்கல. எனக்கு வேணும்.”

விட்டாள். போய்விட்டது. அவள் வாழ்நாளில் அனுப்பியதிலேயே சின்ன செய்தி அதுவாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அதன் இரண்டு டிக்கும் நீலமாயின, ஸுஹைர் கேட்டுவிட்டார். ஸுஹைர் பெயருக்குக் கீழே, அவர் குரலைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார் என்று எழுத்து தோன்றியது.

மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்து மறையவில்லை. அடுப்பில் மீன் ஆணம் கொதிக்கிற சத்தம் கேட்டது. எழுத்து அப்படியே நின்றது.

“என்னடி சொல்றாரு?” என்றாள் சூஃபியா.

“இன்னும் பேசிக்கிட்டு இருக்காரு” என்றாள் ஜுனைதா.